கறுத்த திரை

"என் திரையில என்ன குறை, மேடம்?" என்று கேட்டான் இளவழகன்.

ஒரகடத்தில் கார் செய்கிற கம்பெனி ஒன்றில், ஓட்டுநர் முன்னால் வழியும் பாட்டும் காட்டும் மின்திரைகளை வடிவமைப்பது அவன் வேலை. ஜெசிந்தாவுக்கும் அதே வேலை. இருவருக்கும் குரு நாச்சியார் மேடம். புதுக் காருக்கு ஆளுக்கொரு திரை செய்திருந்தார்கள். இளவழகனுடையது வேண்டாம் என்று மேடம் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஜெசிந்தா சிரித்தாலும் வயிறு எரிந்தது, சிரிக்காவிட்டாலும் எரிந்தது.

மேடத்தின் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. தான் செய்த திரையை வண்டியில் வைத்துத் தானே ஓட்டிப் பார்க்கக் கூடாது. போட்டிக்கு நிற்பவர்தான் ஓட்ட வேண்டும்.

"உங்களுதை ஓட்டினது யாரு?" என்று மேடம் கேட்டார்.

"ஜெசிந்தாதான். அவளே சொன்னா மேடம், 'அவ்வளவு அழகு, கண்ணை எடுக்கவே முடியல'ன்னு."

"அதுதான் குறை."

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று உள்ளுக்குள் பொருமினான். ஆனால் ஜெசிந்தாவின் திரையை ஓட்டிப் பார்க்க வேண்டியவன் அவன்தான். அதுவும் தோற்றால் இருவரும் முதலிலிருந்து தொடங்கலாம். அந்த ஒரு நம்பிக்கை இருந்தது.

மறுநாள் சோதனைப் பாதையில் வண்டியை எடுத்தான். மேடம் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வண்டி நகர்ந்ததும் திரை தானாக அணைந்து கறுத்துப் போனது. வழியை ஒரு குரல் சொன்னது. பாட்டை மாற்ற, கை எட்டும் இடத்தில் ஒரு திருகுக் குமிழ். அவ்வளவுதான்.

இதுவா என் திரையை ஜெயிக்கப் போகுது, என்று நினைத்தான் இளவழகன்.

பாதி வழியில், சோதனைக்காக ஆட்கள் கயிறு கட்டிக் குறுக்கே இழுத்த வைக்கோல் பொம்மைமேல் வண்டி ஏறியது.

பிரேக்கை மிதித்தவன் முகத்தில் சந்தோஷம் தாங்கவில்லை.

"பார்த்தீங்களா மேடம்? அவ திரையும் கண்ணை இழுக்குது. ரோட்டையே பார்க்க விடல."

"அதுல என்ன தெரிஞ்சுது?"

"ஒண்ணும் தெரியல. கறுப்பாத்தான் இருந்துச்சு."

"பின்னே அதையே ஏன் பார்த்தீங்க?"

"எப்பவாவது எரியும், தப்புப் பண்ணும், கையும் களவுமா பிடிச்சிடலாம்னு..."



மேடம் இறங்கிப் போய், சக்கரத்தடியில் கிடந்த பொம்மையை இழுத்தெடுத்தார். வைக்கோலைத் தட்டிவிட்டார்.

"அடுத்தவங்க தப்பையே தேடுற கண்ணுக்கு ஒரு திரை செய்ய எனக்கே தெரியாது, இளவழகன்."