எண்ணெய் மாறாத சூரிக்கத்தி

“தாயி, வேட்டையை விட்டுட்டேன். என்னைச் சீடனாச் சேத்துக்கிடுங்க.”

சொன்னவர் பூதப்பாண்டி. வயது ஐம்பத்தெட்டு. ஆற்றுப் பாசனத்தில் முப்பது ஏக்கர் வயல், மூன்று வேளையும் நெய்ச்சோறு. வேட்டையாடித்தான் அடுப்பு எரியவேண்டும் என்று அவருக்கு ஒரு நாளும் இருந்ததில்லை. ஆசைக்கு ஆடினார். சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனுஷன்தான்.

கேட்டுக்கொண்டிருந்தவள் மொழியம்மை. மலையடிவாரத்தில், ஆற்றங்கரைக் கல்மண்டபத்தில் இருக்கிற துறவி. அவரைவிட இருபது வயது சின்னவள். ஆனாலும் ஊரே அவளைத் தாயி என்றுதான் கூப்பிடும்.

துறவு கேட்டு வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவார்கள். இவர் ஒரு மாட்டுவண்டி நிறையச் சாமானோடு வந்து இறங்கினார். அதையெல்லாம் ஒப்படைத்தால் மனசில் உள்ளதும் சேர்ந்து இறங்கிவிடும் என்று நினைப்பு. யாருக்குத்தான் அந்த நினைப்பு இல்லை!

சாமானோடு ஒரு நாயும் வந்தது. செவலை. கோம்பை ஜாதிப் பெட்டை. தோல்வாரில் கட்டியிருந்தும் உட்கார மாட்டேன் என்று நின்றது. முகம் மலைப்பக்கம் இருந்தது.

“ஏன் அண்ணாச்சி விட்டீய?” என்று கேட்டாள் மொழியம்மை.

“பாவம்லா தாயி.”

“எத்தனை கொன்னிருப்பீய?”

பாவம் என்று இப்போதுதானே சொன்னார்? கேள்வியைக் கேட்டதும் முதுகு நிமிர்ந்துவிட்டது மனுஷனுக்கு.

“கொறச்சுச் சொன்னாலும் எரநூறு இருக்கும், தாயி. பன்னி, மிளா மான், கேளையாடு எல்லாஞ் சேத்து. முயலை நான் சேக்கறதே கெடையாது.”

மொழியம்மை சிரித்துவிட்டாள். அவருக்கும் வெட்கமாகப் போய்விட்டது.

“சரி, சாமானைக் காட்டுங்க.”

அவர் துப்பாக்கியை எடுத்து நீட்டினார். ரெட்டைக்குழல். கன்னம் பதிகிற இடத்தில் மரம் வழவழவென்று தேய்ந்திருந்தது.

“இது எதுக்கு?”

“என்ன தாயி இப்படிக் கேட்டுட்டீய! எண்பது கஜத்துல நிக்கிற பன்னியை இது படுக்க வச்சிரும். சத்தம் கேக்குமுன்னே அது விழுந்திருக்கும்.”

“இது?”

“முயல் வலை. நானே முடிச்சுப் போட்டது. இந்தக் கண்ணுக்குள்ள முயல் தலை போவும், காது திரும்பாது.”

வலையில் நாலைந்து இடத்தில் அறுந்து, ஒட்டுப் போட்டிருந்தது.

“இந்த ஈட்டி?”

“பன்னி திரும்பி வந்தா நிறுத்தறதுக்கு. பிடியைப் பாருங்க, என் கை அச்சு அப்படியே இருக்கு.”

விட்டுவிட்டேன் என்று வந்தவர் விடாமல் பேசினார். தோட்டாப் பை, ஊதுகொம்பு, முள்ளுக்குப் போடுகிற தோல் காலுறை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருந்தது. மொழியம்மையும் அலுக்காமல் கேட்டாள். ஒவ்வொன்றாக வாங்கி மண்டபத்து மூலையில் சாத்தி வைத்தாள்.

கடைசியில் ஒரு உறை மிஞ்சியது. வெள்ளிப் பூண் போட்ட உறை.

அவள் உருவிப் பார்த்தாள். சூரிக்கத்தி. கொல்லன் பூசிக் கொடுத்த எண்ணெய் இன்னும் அதில் பிசுபிசுத்தது. முனையில் ஒரு கீறல் இல்லை.

“இது எதுக்கு அண்ணாச்சி?”

பூதப்பாண்டி குனிந்து செவலையின் தோல்வாரை இறுக்கினார்.

“புதுசா?”

“இல்ல. முப்பது வருசமாச்சு.” குரல் இறங்கிவிட்டது. “எங்க பக்கத்துல மொத வேட்டைக்குப் போறப்ப, சாஸ்தா கோயில்ல வச்சு அப்பா மகனுக்குக் குடுக்கிறது. அடிபட்டு விழுந்தது துடிக்கப்பிடாது. சுட்டவனே போயி, உடனே முடிச்சிரணும். அதுக்கு.”

“பின்னே இது ஏன் இப்படிப் புதுசா இருக்கு?”

“அதுக்கெல்லாம் ஆள் இருக்குலா, தாயி. காடு கலைக்கிற ஆளுங்க. அவுகளே போயி முடிச்சு, மூங்கில்ல கட்டித் தூக்கியாந்துருவாங்க. நான் அப்பத்தான் பாப்பேன். இது சும்மா இடுப்புல இருக்கும். ஒரு மிடுக்குக்கு.”

மொழியம்மை கத்தியை மடியில் வைத்துக்கொண்டாள். நாயைப் பார்த்தாள்.

“செவலை ஏன் உக்கார மாட்டேங்குது?”

“சீக்கு போல. முந்தாநாள்ல இருந்து சோறு தொடல. தண்ணி தொடல. ஆட்டுக்கறி போட்டேன், மோந்துகூடப் பாக்கல. எம் மவ கல்யாணத்துக்குக்கூட நான் இப்படிக் கெஞ்சினதில்ல.”

“முந்தாநாள் என்ன நடந்துச்சு?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு கொட்டிவிட்டார்.

“ஆளுங்க பூராம் என் வயல்ல நடவுல நின்னாங்க. நல்ல மூட்டம். கை சும்மா இருக்கல. நானும் செவலையும் மட்டும் போனோம். ஒரு பெட்டை மிளா, எருமைக் கன்னு உசரத்துக்கு நின்னுச்சு. சுட்டேன். நெஞ்சுல படல, வயித்துல பட்டுட்டு. கத்திக்கிட்டே ஆத்துக்கு மேல ஓடிட்டு. செவலை பின்னாடியே போனா. மழை பிடிச்சுக்கிட்டு. பாறையெல்லாம் வழுக்குது. நான் நின்னேன் தாயி. போயி என்ன செய்யணும்னு நெனச்சதும் கால் எழும்பல. சீட்டியடிச்சேன். சீட்டியடிச்சா எங்க இருந்தாலும் திரும்பிரணும்னு பழக்கியிருக்கேன். வந்துட்டா, பாவி மவ. வந்து என் மூஞ்சியைப் பாத்தா.”

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“கண்ணை மூடினா அந்தச் சத்தந்தான் கேக்குது. அதான் விட்டுட்டேன். சத்தியமா விட்டுட்டேன்.”

“நீங்க விட்டுட்டீய. செவலை இன்னும் விடலயே.”

மொழியம்மை எழுந்தாள். சூரிக்கத்தியை அவர் கையில் கொடுத்தாள். தோல்வாரை அவிழ்த்து, அதையும் கொடுத்தாள்.

“இது ரெண்டும் போதும். போயிட்டு வாங்க.”

“தாயி, ரெண்டு நாளாச்சு! செத்திருக்கும்.”

“செத்திருந்தா பாத்துட்டு வாங்க.”

“உசுரோட இருந்தா?”

அவள் அவர் கையிலிருந்த கத்தியைப் பார்த்தாள்.

“நீங்களும் கூட வாங்களேன்.”

“நான் சுடலயே, அண்ணாச்சி.”

செவலை அவரை இழுத்துக்கொண்டு போனது. இழுத்தது என்றால் அப்படி ஒரு இழுப்பு. ஐம்பத்தெட்டு வயசு மனுஷன் பாறையில் இரண்டு தடவை விழுந்தார். ஒரு செருப்பை ஆறு கொண்டுபோயிற்று. முழங்கை சிராய்ந்தது. ஊதுகொம்பு கையில் இருந்திருந்தாலும் ஊத மூச்சு இருந்திருக்காது, அந்த நிலைமை. முந்தாநாள் அவர் நின்றுவிட்ட பாறை வந்தது. செவலை அங்கே ஒரு தரம் திரும்பிப் பார்த்தது. அவர் நிற்கவில்லை.

அங்கிருந்து அரை மைல்கூட இல்லை. அவ்வளவு பக்கத்தில்தான் இருந்தது.

ஆறு தேங்கி நிற்கிற கசத்தில், வயிறு தண்ணீரில் முங்க, மிளா படுத்திருந்தது. ஈ மொய்த்தது. கண் திறந்திருந்தது. இவர்கள் வந்ததும் காது அசைந்தது. எழுந்திருக்கப் பார்த்தது, முடியவில்லை.

செவலை குரைக்கவில்லை. கரையில் உட்கார்ந்துவிட்டது. இரண்டு நாளில் அப்போதுதான் உட்கார்ந்தது.

பூதப்பாண்டி கத்தியை உருவினார். திரும்பி ஓடிவிடலாமா என்று இருந்தது. அவரே பிறகு சொன்னார், மறைக்கவில்லை. கூப்பிட ஆள் யாரும் இல்லை. தண்ணீரில் இறங்கி, அதன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். இத்தனை பாரமாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. மூச்சு சுடும் என்று தெரியாது.

“பொறுத்துக்க தாயி,” என்றார்.

அப்பா அன்றைக்குக் காட்டிக் கொடுத்த இடம் கழுத்தடியில்தான் இருந்தது. தேடவேண்டியிருக்கவில்லை.

சூடு அடங்குகிற வரைக்கும் தலையை அவர் மடியிலிருந்து இறக்கவில்லை. அழுதார். அழுகிறவரை நாய் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அது ஆற்றில் வாய் வைத்து, நிறுத்தாமல், வெகு நேரம் குடித்தது.

வெயில் சாய்கிற நேரத்துக்கு மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார். வேட்டியெல்லாம் ஈரமும் ரத்தமும். ஒரு காலில் செருப்பு இல்லை. கத்தி கையிலேயே இருந்தது, உறைக்குள் போடவில்லை.

மொழியம்மை அடுப்பில் கஞ்சி வைத்திருந்தாள். முதலில் தன் திருவோட்டிலேயே ஊற்றி செவலைக்கு வைத்தாள். அது தலையை நிமிர்த்தாமல் தின்றது. தின்று முடித்து, பூதப்பாண்டியின் வெறுங்காலில் தாடையைச் சாய்த்துப் படுத்துக்கொண்டது.

“கையை நீட்டுங்க,” என்று செம்பை எடுத்தாள்.

அவர் நீட்டினார். தண்ணீர் ஊற்றினாள். சிவப்பாக ஓடியது. தெளிந்து ஓடுகிற வரைக்கும் ஊற்றினாள். அவரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“உங்க சாமான் அப்படியே மூலையில இருக்கு அண்ணாச்சி. வேணும்னா எடுத்துக்கிட்டுப் போங்க. வேண்டாம்னா இருக்கட்டும். அது உங்க இஷ்டம்.”

அவர் மூலைப்பக்கம் திரும்பவில்லை.

“கஞ்சி குடிக்கியளா?”

“குடிக்கேன், தாயி.”

கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாள். அவர் பாதி குடித்தார். பிறகு, காலையில் கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள்.

“எத்தனை கொன்னிருப்பீய, அண்ணாச்சி?”

பூதப்பாண்டி கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“ஒண்ணு, தாயி.”