யாரும் நிற்காத மைக்

"ஊளை நிக்க மாட்டேங்குதும்மா" என்றார் ஆவுடையப்பன்.

பிலோமினா அப்போது கடற்கரை மைதானத்தில் ஒரு மேடைக்கு அடியில் குனிந்து வயர் இழுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எந்த ஊளை?"

"மைக் ஊளைதான். எந்தக் கச்சேரிக்குப் போனாலும் இதே பாடு. பாட்டு சூடு பிடிக்கிற நேரம் பார்த்து கீன்னு கத்துது. சனம் காதைப் பொத்துது."

ஆவுடையப்பனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பிலோமினாவுக்கு முப்பது இருந்தால் அதிகம். சுத்துப்பட்டு ஊர்களில் கோயில் கொடைத் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மைக் செட் போட்டே தலை நரைத்த மனுசன், ஒரு சின்னப் பெண்ணிடம் போய்க் கைகட்டி நிற்கிறாரே என்று மற்ற மைக் செட்டுக்காரர்கள் கேலி பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும். திறந்த வெளியில், காற்றிலும் கூட்டத்திலும் பாட்டைச் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரிந்தவள் அந்தப் பக்கத்தில் அவள் ஒருத்திதான். அது அவருக்குத் தெரியும். அதனால் அவளை நீங்க, வாங்க என்றுதான் பேசுவார்.

அவள் பாடம் சொல்கிற விதமும் ஒரு தினுசு. முன்பொரு தடவை, கடைசி வரிசைக்குச் சத்தம் நன்றாகப் போய்ச் சேர என்ன செய்யவேண்டும் என்று அவர் கேட்டார். அவள் அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில், பஞ்சுமிட்டாய்க்காரனுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்க வந்துவிட்டாள். கச்சேரி முடிகிற வரைக்கும் அவர் அங்கேயே கிடந்தார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை.

இப்போது அவர் தான் செய்து பார்த்ததையெல்லாம் வரிசையாக ஒப்பித்தார். வயர் புதுசு. மைக்குகளின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சரைப் பிரித்துத் துடைத்தாகிவிட்டது. ஸ்பீக்கர் பெட்டிகளை மேடையை விட்டு முன்னால் தள்ளி வைத்தும் பார்த்தாகிவிட்டது. ஒன்றும் பலிக்கவில்லை. அவர் வழக்கமாகச் செட்டு போடுகிற பாட்டுக் குழுவின் தலைவர் தங்கதுரையும் பொறுமை இழந்துவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் கொடைக் கச்சேரி. அன்றைக்கும் கூவினால் வேறு செட்டு பார்த்துக்கொள்வேன் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

"அந்தக் குழுவும் போச்சுன்னா எனக்கு வேற எதுவும் கிடையாதும்மா."

சொல்லிவிட்டு, அவள் இழுத்துக்கொண்டிருந்த வயரின் மறுநுனியை எடுத்துக் கொடுத்தார்.

பிலோமினா வயரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை வந்து பாக்கேன்" என்றாள்.


வெள்ளிக்கிழமை ஆடிக் காற்று பிய்த்து உதறியது. வானம் மூடியே கிடந்தது. பந்தல் துணி படபடவென்று அடித்துக்கொண்டது.

பிலோமினா பஸ்ஸில் வந்து இறங்கினாள். மிக்சர் பக்கம் போகவில்லை. நேராக மேடையில் ஏறினாள்.

மேடையில் நாலு மைக் நின்றது. பாடுகிறவர்கள் மூன்று பேர். தங்கதுரை, அவருடைய மச்சினன், புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண். நாலாவது மைக் இடது ஓரத்தில் தனியாக நின்றது. அதன் தலைக்குச் சிவப்புப் பஞ்சு உறை போட்டிருந்தது.

"இது யாருக்கு அண்ணாச்சி?"

"அது சொர்ணத்துக்கு."

சொர்ணம் ஆவுடையப்பனின் மனைவி. அந்தக் குழுவில்தான் காலமெல்லாம் பாடினாள். போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கச்சேரிக்குப் போனபோது, ஆவுடையப்பன் அவளுடைய மைக்கை எடுத்து அவள் வழக்கமாக நிற்கிற இடத்தில் வைத்தார். வைத்ததோடு விடவில்லை. மிக்சரில் அவள் பாடும்போது எந்த அளவுக்குத் திறந்து வைப்பாரோ அந்த அளவுக்குத் திறந்தும் வைத்தார். அன்றிலிருந்து எல்லாக் கச்சேரியிலும் அப்படித்தான். குழுவில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். பெண்டாட்டியைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறவனிடம் அந்த மைக்கை எடு என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? தங்கதுரையும் ஊளையைத்தான் திட்டினார். மைக்கைப் பற்றிப் பேசவில்லை.

ஆவுடையப்பன் ஒன்றும் தெரியாதவர் அல்ல. ஆள் நிற்காத மைக்கைத் திறந்து வைத்தால் அது ஸ்பீக்கர் சத்தத்தையே வாங்கி ஸ்பீக்கருக்கே திருப்பிக் கொடுக்கும், அது சுற்றிச் சுற்றிப் பெருகித்தான் ஊளையாகக் கிளம்பும் என்பது இந்தத் தொழிலுக்கு வந்த ஒரு வாரத்தில் எவனுக்கும் தெரிந்துவிடும். அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் வயரை மாற்றினார், மிக்சரைத் துடைத்தார், கடற்கரை வரைக்கும் போய் ஆளைக் கூப்பிட்டார். துக்கம் வந்தால் மனுசன் இப்படியெல்லாம் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வான்.

வீட்டில் அவள் சேலைகளைக் கூட மகள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கென்று உலகத்தில் மிச்சம் இருந்த இடம் இந்த மேடையோரம் ஒன்றுதான். மிக்சரில் அதை மூடினால் அவளை இன்னொரு தடவை தூக்கிக் கொடுக்கவேண்டும். அது அவரால் ஆகாது.

மூடுங்க அண்ணாச்சி என்று பிலோமினா சொல்வாள் என்று காத்திருந்தார். அதற்குப் பதிலும் வைத்திருந்தார். குழு போனால் போகட்டும், மூடமாட்டேன் என்று சொல்லிவிடுவது.

அவள் சொல்லவில்லை. பஞ்சு உறையில் படிந்திருந்த புழுதியை ஊதிவிட்டாள். ஸ்டாண்டு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று கையை வைத்துப் பார்த்தாள்.

"அக்கா இவ்வளவு உயரந்தானா?"

"என் தோளுக்கு வருவா."

பிலோமினா தலையை ஆட்டிக்கொண்டாள். அப்புறம் டீ குடிக்கப் போய்விட்டாள்.


பொழுது சாயவும் கச்சேரி தொடங்கியது. முதலில் தங்கதுரை அம்மன் பாட்டு ஒன்று பாடினார். அது ஒருவழியாகத் தப்பித்தது.

அடுத்த பாட்டு புதுப் பெண்ணுக்கு. அவள் சரணம் எடுக்கும்போது ஊளை கிளம்பியது. முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. பொம்பளைகள் முந்தானையால் காதைப் பொத்தினார்கள்.

ஆவுடையப்பனின் கை தன்னால் ஓடியது. மிக்சரில் அந்தப் பெண்ணின் மைக்குக்கு உரிய ஃபேடர் கட்டையைப் பிடித்துக் கீழே இறக்கினார். ஊளை கொஞ்சம் அடங்கியது.

பாட்டும் அடங்கிவிட்டது. கீபோர்டும் தபலாவும் கேட்டன, பாடுகிறவள் வாய் மட்டும் அசைந்தது. அவள் அவரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தி உயர்த்திக் காட்டினாள். ஏற்றுங்கள் என்று அர்த்தம். அவர் பார்க்காததுபோல இருந்தார். திரும்பவும் லேசாகக் கூவியது. இன்னும் இறக்கினார். தங்கதுரையின் மைக்கையும் இறக்கினார், மச்சினனுடையதையும் இறக்கினார். இடது ஓரத்து மைக் பக்கம் மட்டும் கை போகவில்லை.

கூட்டத்தில் ஒருத்தர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அவர் பின்னால் ஒரு வரிசையே எழுந்தது. தங்கதுரை மேடையிலிருந்து ஆவுடையப்பனையே முறைத்துக்கொண்டிருந்தார். இத்தனை வருசப் பழக்கமும் அந்தப் பார்வையோடு அறுந்துபோனது என்று அவருக்கு விளங்கிவிட்டது. டீ குடித்துவிட்டு மிக்சருக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்த பிலோமினாவிடம் திரும்பினார்.

"என்னம்மா செய்ய? சொல்லுங்க" என்றார்.

பிலோமினா ஹெட்போனை எடுத்து அவர் காதில் மாட்டினாள். மிக்சரில் சொர்ணத்தின் மைக்குக்கு மேலே இருந்த சின்னப் பொத்தானை அமுக்கினாள். அதை அமுக்கினால், ஃபேடர் எங்கே நின்றாலும், அந்த ஒரு மைக்குக்குள் விழுவது மட்டும் ஹெட்போன் வழியாகக் காதுக்கு வரும்.

இத்தனை கச்சேரியில் அவர் அதை ஒரு தடவைகூடச் செய்து பார்த்ததில்லை. பயம்தான்.

முதலில் மூச்சுச் சத்தம் கேட்டது. பாட்டுக்கு முன்னால் ஒரு பொம்பளை நெஞ்சு நிறைய இழுத்துவிடுகிற மூச்சு.  மிக்சர் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

பஞ்சு உறையில் காற்று உரசுகிற சத்தம் அது. கொஞ்ச நேரத்தில் அவருக்கே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் அதைக் கேட்டுக்கொண்டே அங்கே நின்றுவிடலாம் போல ஆசையாக இருந்தது. கண்ணில் நீர் முட்டியது.

அந்தக் காற்றுக்குப் பின்னால் ஒரு குரல் இருந்தது.

தூரத்தில் ஒரு பெண் குரல். பாட்டு என்று சொல்ல முடியாது. கரகரத்து, சுருதி விலகி, அடிவயிற்றிலிருந்து கத்துகிற கத்தல். இடையிடையே இருமல் வேறு. சொர்ணத்தின் குரல் தூக்கத்தில் கேட்டாலும் அவருக்குத் தெரியும். இது அவள் இல்லை.

"யாரும்மா இது, தொண்டை கிழியக் கத்துறது?"

பிலோமினா மோவாயால் மேடையைக் காட்டினாள்.

புதுப் பெண் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. காதில் விழுகிற குரலும் அவளுடைய வாயசைவும் ஒன்றாக இருந்தன. அவர் மூடிவைத்திருந்த மைக்கின் முன்னால் நின்றுகொண்டு, எழுந்து போகிற கூட்டத்துக்குக் கேட்டுவிடவேண்டும் என்று அவள் வெறுந்தொண்டையால் முட்டி மோதிக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கு மட்டும் அல்ல. அவள் சேர்ந்த நாளிலிருந்து, கூவும்போதெல்லாம் அவர் கை முதலில் அவள் மைக்குக்குத்தான் போனது. பாட்டுக்கு நடுவில் அவள் பனங்கற்கண்டை வாயில் போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறார். இந்தப் பிள்ளைக்குத் தொண்டையே கிடையாது, வேறு ஆளைப் பாருங்கள் என்று தங்கதுரையிடம் அவரே சொல்லியிருக்கிறார்.

ஆவுடையப்பன் சொர்ணத்தின் ஃபேடரில் விரலை வைத்தார். வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிலோமினா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் அதை அடி வரைக்கும் இறக்கினார்.

ஊளை நின்றது. ஹெட்போனில் மட்டும் அந்தக் காற்று இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

பிறகு அந்தப் பெண்ணின் மைக்கை மேலே ஏற்றினார்.

பெட்டியிலிருந்து அவள் குரல் மைதானம் முழுக்க வந்தது. ரணமாகிப்போன குரல். தன் குரலைக் கேட்டதும் அவள் திடுக்கிட்டு, பாதி வரியில் பாட்டை நிறுத்திவிட்டாள். வாத்தியங்களும் நின்றன. பாதிக்கு மேல் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு, தான் ஏதோ தப்பு செய்துவிட்டதுபோல அவரைப் பார்த்தாள்.

அவளைக் கூப்பிட்டு, பாடும்மா என்று சொல்ல ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. பிலோமினாவின் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பிள்ளை பேரு என்னம்மா?"

"நான் இன்னைக்குத்தானே வந்தேன் அண்ணாச்சி" என்றாள் பிலோமினா.