சடையம்மாளின் ஐந்து மூட்டை

இதை எனக்கு முதலில் சொன்னது கோயில் வாசலில் பூக்கட்டும் செண்பகவல்லி அக்கா. இருக்கிற வேலையை விட்டுவிட்டுக் கடை போடட்டுமா வேண்டாமா என்று என் மூத்தவன் என்னைப் பிய்த்தெடுத்த ஆவணி மாதத்தில் சொன்னாள்.

பெரம்பலூர்ப் பக்கம் பிச்சைமுத்து என்று ஒரு விவசாயி. சடையம்மாள் என்கிற துறவிக்குச் சீடன். வெள்ளிக்கிழமை தவறாமல் மலையடிவாரத்துக் குடிலுக்குப் போய் அந்தம்மாவுக்குத் தண்ணீர் எடுத்து வைப்பான்.

அன்று குடத்தை இறக்கியதும் இறக்காததுமாகக் கேட்டான்.

"அம்மா, வெங்காயத்தை வித்துடட்டுமா, வச்சிருக்கட்டுமா?"

வயலோரம் காற்றாடத் தட்டி கட்டி, மேலே கூரை போட்டு, விளைந்த சின்ன வெங்காயம் முழுவதையும் பட்டறையாகக் குவித்து வைத்திருந்தான். உள்ளே அழுகினால் சூடேறும். விடிந்ததும் கையை விட்டுச் சூடு பார்ப்பான். திருநீறு பூசும்போதும் விரலில் வெங்காய வாசம்.

"இன்னிக்கு வித்தா மகளை நர்சிங் படிப்புல சேர்த்துடலாம். காத்திருந்து விலை ஏறுச்சுன்னா வீட்டையும் எடுத்துக் கட்டலாம். அழுகிட்டா ரெண்டும் இல்லை. தூக்கம் வரலைம்மா."

"உனக்கு என்ன தோணுது?"

"ஏறும்னுதான் தோணுது."

சடையம்மாள் கஞ்சிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"காணிக்கையா அஞ்சு மூட்டை வெங்காயம் வந்திருக்கு. சந்தை விலைக்கு நீயே வாங்கிக்கப்பா."

"நானா? எதுக்கும்மா?"

"உன் பட்டறையிலயே சேர்த்துப் போடு. ஏறும்னியே."

"ஏறும்தான்..."

"அப்புறம் என்ன?"

பிச்சைமுத்து வாசலில் தலையை நீட்டி வானத்தைப் பார்த்தான்.

"மேக்கால கறுத்துக் கெடக்கு. சாரல் அடிச்சா அடியில இருந்து அழுகிட்டு வரும். கையில இருக்கிற காசைக் கொண்டுபோய் இப்ப எவனாச்சும் வெங்காயத்துல போடுவானா? எனக்கென்ன கிறுக்கா?"

சடையம்மாள் நிமிரவில்லை. இன்னொரு வெங்காயத்தை எடுத்தாள்.



அவன் தன் விரலை மோந்து பார்த்தான். மெல்ல எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டான்.

"சந்தைக்கு ஏத்திட்டுப் போக வண்டிக்குச் சொல்லிட்டு வரேன்."

"நாளைக்கே விலை ஏறினா என்னைத் திட்டுவியா?"

"திட்டுவேன்."

"திட்டிக்க. இந்த அஞ்சு மூட்டையையும் வண்டியில ஏத்திக்கிட்டுப் போ."

அந்த வருஷம் விலை ஏறியதா, இறங்கியதா என்று நானும் கேட்டுப் பார்த்தேன்.

"அதை எனக்கு யாரும் சொல்லலை" என்று அக்கா பூவை முழம் போட்டாள்.

இன்று விளக்கேற்றும்போது, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் யாருக்காவது ஒரு திரி கூடுதலாகப் போடுங்கள்.