தேசிங்கின் எடை

துறைமுகத்தை அடுத்த நெருக்கமான தெரு ஒன்றில் ஒரு குத்துச்சண்டைக் கூடம் இருந்தது. அதன் வாசலருகே, ஆள் ஏறி நிற்கும் பழைய இரும்புத் தராசு ஒன்று இருந்தது. அது யாரையும் நம்பாது.

நம்பாததற்குக் காரணம் இருந்தது. குறித்த எடைக்கு மேல் முள் போனால் சண்டை கிடையாது. சண்டைக்கு முன்னால் எடை பார்க்க வருகிறவன் எவனும் நேர்மையாக வந்ததில்லை. ஒருவன் இரண்டு நாள் தண்ணீர் குடிக்காமல் நாக்கு ஒட்டிப்போய் வருவான். ஒருவன் கொளுத்தும் வெயிலில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு ஓடிவிட்டு வருவான். கடைசி நிமிடம்வரை எச்சிலைத் துப்பிக்கொண்டே இருந்தவன் உண்டு. தலையை மொட்டையடித்துக்கொண்டு வந்தவனும் உண்டு.

"மனிதன் என்றாலே மறைக்கிறவன். இந்தக் கூடத்தில் எதையும் மறைக்காதது என் முள் ஒன்றுதான்" என்று தராசு அடிக்கடி சொல்லும்.

எதிர்ச் சுவரில் ஏழு படங்கள் தொங்கின. முந்தைய தலைமுறைகளில் கூடம் பெற்றெடுத்த மாவீரர்கள் அவர்கள். எட்டாவதாகத் தேசிங்கின் படத்தை மாட்டலாமா, கூடாதா என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முடிவெடுக்க இருந்தார்கள். செய்தித்தாள் சுற்றிய அவர் படம் சுவரோரமாகச் சாய்ந்து நின்றது.

தேசிங்கு நாற்பத்திரண்டு சண்டை போட்டவர். நாற்பத்தொன்றில் ஜெயித்தார். கடைசிச் சண்டையில், தூத்துக்குடியிலிருந்து வந்த சிலுவைராயன் என்பவனிடம் தோற்றார். அதுவரை சிலுவைராயனை யாரும் ஒரு பொருட்டாக எண்ணியதில்லை. அன்று கையுறையைக் கழற்றிய தேசிங்கு அதை மறுபடி மாட்டவே இல்லை. ஏன் தோற்றார் என்று யாரிடமும் சொல்லவும் இல்லை. ஒருவன் வாயை மூடிக்கொண்டால் ஊர் திறந்துகொள்ளும் அல்லவா? 'சண்டையை விற்றுவிட்டான்' என்றது ஊர். முப்பத்தைந்து வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம், காலைப் பயிற்சி முடிந்து ஆட்கள் போனபின், கூடத்தில் பேச்சு கிளம்பியது.

"ஒன்பதாவது சுற்றுக்கு நான் அடித்தபோது அவன் எழுந்து வந்த விதமே சரியில்லை," என்றது மேடையோரத்து மணி. "ஜெயிக்க வருகிறவனின் நடையா அது? எனக்கு அன்றைக்கே சந்தேகம்."

"என் மேல் மூன்று தடவை வந்து விழுந்தான்," என்றது மேடையைச் சுற்றியிருந்த கயிறு. "விலைபோனவன் வசதியாக ஒரு இடம் பார்த்து ஒரு தடவை விழுவான். மூன்று தடவை விழுந்து மூன்று தடவை எழுந்திருப்பானா?"

"நடிப்பென்றால் அதையும்தானே நடிக்க வேண்டும்?" என்றது மணி.

உத்தரத்திலிருந்து தொங்கிய மணல்மூட்டை மெதுவாக ஆடியது. தேசிங்கின் அடியை அதிகம் வாங்கியது அதுதான். "அவன் கையில் பொய் இருந்து நான் பார்த்ததில்லை. மனதில் என்ன இருந்ததென்று எனக்கெப்படித் தெரியும்?" என்றது.

எல்லாம் தராசைப் பார்த்தன.

"இதில் பேச என்ன இருக்கிறது?" என்றது தராசு. "அன்று காலையில் இருவரும் என் மேல்தான் ஏறினார்கள். அவனும் அறுபது கிலோ, இவனும் அறுபது கிலோ. அந்த எடையில் இந்தக் கடற்கரை முழுக்கத் தேசிங்கை அசைக்க ஆள் கிடையாது. பலம் வித்தியாசப்படவில்லை என்றால் வேறு எது வித்தியாசப்பட்டது? எண்ணம்தான். தோற்க வேண்டுமென்று தோற்றான்."

பேச்சு அதோடு முடிந்தது. முள் சொன்ன பிறகு யார் என்ன சொல்வது?

மறுநாள் காலை, கூடத்தின் செயலாளர் குப்புராஜ் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். தராசுகளைப் பழுதுபார்க்கும் ஜலால் பாய். அடுத்த மாதம் பெரிய போட்டி ஒன்று கூடத்தில் நடக்க இருந்ததால், தராசுக்கு அரசு முத்திரை வாங்க வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் ஒரு தடவை சரிபார்த்துவிடலாம் என்று அழைத்திருந்தார்.

ஜலால் பாய் இருபது கிலோ எடைக்கற்கள் மூன்றை நடுவில் வைத்தார். முள் அறுபதில் நின்றது. தராசுக்குப் பெருமையாக இருந்தது. பாய் அதே கற்களை இடது ஓரத்துக்கு நகர்த்தினார். ஒருமுறை எடுத்து, மறுபடி வைத்தார்.

"சார், இங்க வந்து பாருங்க. நடுவுல வெச்சா அறுவது. இந்த ஓரத்துல வெச்சா அம்பத்தேழு. மூணு கிலோவ முழுங்கிடுது."

'பொய்!' என்று நினைத்தது தராசு. 'வேலை வேண்டுமென்று கதை கட்டுகிறான். இவனையும் எனக்குத் தெரியாதா?'

பாய் மேல்தட்டைத் தூக்கி ஓரமாக வைத்தார். தராசு தன் உள்ளே இருப்பதை அதுவரை பார்த்ததில்லை. எடையைத் தாங்க நாலு மூலையிலும் கத்திபோல் கூரான இரும்புமுனைகள் இருந்தன. இடதுபக்கத்து முனைகள் மட்டும் மழுங்கி வழவழவென்று கிடந்தன.

அப்போதுதான் அதற்கு ஒன்று நினைவுக்கு வந்தது. முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய அந்தக் காலை. சிலுவைராயனின் இரண்டு குதிகால்களும் எங்கே அழுத்தின? நடுவில் இல்லை. இடது ஓரத்தில், கீழே விழுந்துவிடுவான்போல அவ்வளவு ஓரத்தில்.

அவன் அறுபது இல்லை. அறுபத்துமூன்று.

அந்த நேரம் பார்த்துத் தேசிங்கு உள்ளே வந்தார். படத்தின் கீழே எழுத விவரம் வேண்டுமென்று குப்புராஜ்தான் வரச் சொல்லியிருந்தார். வயது எழுபதைத் தாண்டியிருந்தது. தோள் இறங்கி, மூக்கு மட்டும் பழைய சண்டைகளின் வளைவோடு இருந்தது.

குப்புராஜ் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணா, நல்ல நேரத்துல வந்தீங்க! அந்தச் சிலுவைராயன் தராசுல எங்க நின்னான், ஞாபகம் இருக்குதா?"

"இடது ஓரம்," என்றார் தேசிங்கு, யோசிக்காமல்.

"அப்பிடிப் போடு! அந்த ஓரம் மூணு கிலோ கம்மியா காட்டுது அண்ணா. பாய் இப்பதான் கண்டுபிடிச்சார். அவன் உங்கள ஏமாத்திட்டான். நாளைக்குக் கூட்டத்துல போட்டு ஒடைக்கிறேன். முப்பத்தஞ்சு வருசப் பழி இன்னியோட தீந்துச்சு!"

தேசிங்கு சந்தோஷப்படவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார். கழற்றிவைத்த மேல்தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பாத்தேன் ராஜு. அவன் ஏறும்போதே பாத்தேன்."

"பாத்தீங்களா? அப்ப அங்கயே கேட்டிருக்க வேணாமா? சண்டையே நடந்திருக்காதே!"

"எந்த வாயால கேக்கறது? அவனுக்கு முன்னால அந்த ஓரத்துல பதினோரு வாட்டி நின்னவன் நான்."

குப்புராஜ் போய் வாசல்கதவைச் சாத்தினார். "பாய், உங்க காதுல எதுவும் விழல."

"நான் தராசு வேலைக்கு வந்தேன் சார்," என்றார் ஜலால் பாய், அரத்தைத் துடைத்தபடி.

தேசிங்கு குரலை உயர்த்தாமல் சொன்னார். "அன்னிக்கு எனக்கு ஓரம் தேவப்படல. வயசு ஏறி ஒடம்பு தானா வத்திப்போச்சு. நடுவுல நின்னேன். அவன் ஓரத்துக்கு ஒதுங்கினான். என் கண்ணப் பாத்துக்கினே ஒதுங்கினான். என்னோட ஏதோ ஒரு பழைய சண்டைக்கு வந்து, கூட்டத்துல நின்னு பாத்திருக்கான், நான் எங்க கால் வெக்கிறேன்னு. மேடையில அவன் அடி ஒவ்வொண்ணும் விழறப்ப, நான் ஜெயிச்ச பசங்க அந்தப் பதினோரு பேருக்கும் இப்பிடித்தானே இருந்திருக்கும்னு தோணிச்சு. எதுக்கு இவ்ளோ கனமா விழுதுன்னு தெரியாமலே வாங்கிக்கினு போனானுங்க. எனக்காவது தெரிஞ்சுது. அதுக்கப்பறம் கையுறையத் தொட மனசு வரல."

குப்புராஜ் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தார். "அண்ணா, அவன் ஏமாத்தினத மட்டும் சொல்லுவோம். மத்தது நமக்குள்ள இருக்கட்டும். யாருக்குத் தெரியப்போவுது?"

"சொன்னா முழுசா சொல்லணும். இல்லன்னா படத்த வூட்டுக்கு எடுத்துக்கினு போயிடறேன்."

தேசிங்கு போனபின், ஜலால் பாய் மழுங்கிய முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "சார், ஒண்ணு சொல்றேன். இது அவர் காலத்துல தேஞ்சது இல்ல. அதுக்கும் ரொம்ப முன்னாடியே தேஞ்சிருக்கு. நெறைய காலு ஒரே எடத்துல நின்னிருக்கு."

குப்புராஜின் பார்வை எதிர்ச் சுவருக்குப் போனது. போன வேகத்தில் கீழே இறங்கியது. "வேலைய முடிங்க பாய்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. தேசிங்கு எழுந்து நின்று, முதல்நாள் சொன்னதை அப்படியே சொன்னார். அதன்பின் எழுந்த கூச்சலில் மணியே தன்னை மறந்து லேசாக ஒலித்தது.

"பதினோரு சண்டையத் திருடினவனுக்கு இங்க இன்னா எடம்?" என்று ஒருவர் கத்தினார். சுவரில் முதல் படமாகத் தொங்கியவரின் மகன் அவர். "எங்கப்பா பக்கத்துல இந்தாளா? இந்தச் சுவத்துக்கு ஒரு மரியாத இல்ல?"

ஆமாம் ஆமாம் என்று பல குரல்கள் சேர்ந்துகொண்டன. தேசிங்கு தலையைக் குனிந்துகொள்ளவில்லை. தீர்ப்பு எதுவானாலும் வாங்கிக்கொள்ள வந்தவர்போல நின்றார்.

குப்புராஜ் தயங்கித் தயங்கிச் சட்டைப்பையிலிருந்து ஜலால் பாய் எழுதிக் கொடுத்த தாளை எடுத்தார். "தராசு விசயமா பாய் கொடுத்தது. படிச்சிடறேன். இடதுபக்க முனைகள் தேஞ்சு அறுவது வருசத்துக்கு மேல இருக்கும்னு எழுதியிருக்கார்."

கூச்சல் ஒரு நொடியில் நின்றது. யார் யாரையும் பார்க்கவில்லை. அவரவர் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அறுபது வருடத்துக்கு முன்னால் இந்தத் தராசில் ஏறியவர்கள் யார் யார்?

முதல் படத்துக்காரரின் மகன்தான் தொண்டையைச் செருமினார். "பழச இன்னாத்துக்குக் கிளறணும்? மனுசன் தானா வந்து ஒத்துக்கினான். மாட்டிடுங்கப்பா. எல்லாரும் கையத் தூக்குங்க, வேல முடியட்டும்."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. இவ்வளவு சீக்கிரம் முடிந்த கூட்டத்தை அந்தக் கூடம் கண்டதில்லை. செய்தித்தாளைப் பிரித்துப் படத்தை மாட்டினார்கள். பத்து நிமிடத்தில் கூடம் காலியானது.

"என்னை மன்னித்துவிடு," என்றது தராசு, கயிற்றைப் பார்த்து. "அவன் தோற்க வேண்டுமென்று தோற்கவில்லை."

"சரி, இப்போது சொல். அந்தச் சுவருக்கு அவன் தகுதியானவனா?" என்று கேட்டது மணல்மூட்டை.

தராசு நிமிர்ந்து சுவரைப் பார்த்தது. தேசிங்கின் படம் முழு உருவப் படம், அதனால் மற்றவற்றைவிட ஒரு முழம் கீழே இறங்கித் தொங்கியது. அதில் அவர் வெறுங்காலோடு நின்றார். தராசு ஒவ்வொன்றாக மற்ற ஏழு படங்களின் கீழ்விளிம்பிலும் கால்களைத் தேடிப் பார்த்தது.

ஏழும் மார்பளவுப் படங்கள். ஒன்றிலும் பாதம் இல்லை.