பக்கத்துப் பக்கங்கள்

பேராசிரியர் மதார் சாகிபிடம் வானியல் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர்கள் ஏழு பேர். ஆறு பேர் வெளிநாட்டுக்கும் வடக்கேயும் போய்விட்டார்கள். ஏழாவது ஆளான வேதமுத்து மட்டும் எங்கும் போகவில்லை. நெல்லிமலை உச்சியில் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வானாய்வகம் இருந்தது. அதில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே ஒரு நட்சத்திரத்தைப் பதினோரு ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மங்கலான நட்சத்திரம் அது. அதன் ஒளி மெல்ல மெல்ல மாறிக்கொண்டிருந்தது. மாற்றத்துக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறதா என்பதுதான் அவருடைய கேள்வி. விடாமல் பார்த்தால்தான் விடை கிடைக்கும். ஒரு பருவம் விட்டுப்போனாலும் பார்த்ததெல்லாம் பாதிக்குப் பாதி வீண். அமாவாசையை ஒட்டிய நாட்களில் ஓர் இரவைக்கூட அவர் மலைக்கு வெளியே கழித்ததில்லை. சொந்தத் தங்கையின் கல்யாணத்துக்குக்கூடத் தாலி கட்டும் நேரத்துக்குப் போய் நின்றுவிட்டு, சாப்பிடாமல் பஸ் ஏறியவர்.

பன்னிரண்டாவது ஆண்டில் மலைச்சரிவு முழுக்க விளக்குகள் பரவின.

மேல்காடு என்ற ஊரில் நான்கைந்து வருஷமாகச் சாமந்தி போட்டு வந்தார்கள். பகல் குறுகத் தொடங்கினால் பூக்கிற செடி சாமந்தி. அதன் போக்கில் விட்டால் கார்த்திகையிலேயே பூத்துக் கொட்டிவிடும். தை முகூர்த்தத்துக்குப் பூ இருக்காது. அதனால் பாத்திக்கு மேலே கம்பி இழுத்து, வரிசையாகக் குண்டு பல்புகளைத் தொங்கவிட்டு, இருட்டிய பிறகும் எரியவிட்டார்கள். பகல் இன்னும் நீளமாகத்தான் இருக்கிறது என்று நம்பி, செடி மொட்டு வைக்காமல் பொறுத்திருக்கும். கம்பியைக் கழற்றிய பிறகுதான் பூக்கும்.

வேதமுத்துவின் கருவிகளில் கணக்கு பிசகியது. வானத்தின் கீழ்விளிம்பில் சாம்பல் கலந்த மஞ்சள் வெளிச்சம் ஏறிக் கிடந்தது. அவருடைய நட்சத்திரம் அந்தப் பக்கம்தான் உதிக்கும்.

அந்தச் சமயத்தில் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. மலையடிவாரத்தில் பல்கலைக்கழக வேளாண் துறையின் சோதனைத் தோட்டம் இருந்தது. அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த பவளக்கொடி எழுதியிருந்தார். எந்தெந்த நாளில் வானத்தில் வெளிச்சம் எவ்வளவு கூடுகிறது என்ற உங்கள் அளவுகள் எனக்குக் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். சாமந்தி பூக்கும் பருவம் பற்றிய ஆய்வுக்காக என்று முதல் பத்தியில் இருந்தது. வேதமுத்து அந்த வரியோடு நிறுத்திவிட்டார். பூவுக்கும் தமக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தார். கடிதம் கோப்புக்குள் போனது. இரண்டு மாதம் கழித்து இன்னொரு கடிதம் வந்தது. அதை அவர் பிரிக்கவே இல்லை.

மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு மனு எழுதினார். நல்ல மனு. வரைபடங்கள், அளவுகள், பதினோரு ஆண்டு உழைப்பு, எல்லாம் இருந்தன. ஓய்வு பெற்றுப் பரங்கிப்பேட்டையில் இருந்த மதார் சாகிபிடம் எடுத்துக்கொண்டு போனார். பேராசிரியர் ஒரு தசமப் புள்ளியைத் திருத்திக் கொடுத்து, முதல் கையெழுத்தையும் போட்டுக் கொடுத்தார்.

ஐப்பசி நடுவில் உத்தரவு வந்தது. வானாய்வகத்தைச் சுற்றி எட்டு கிலோமீட்டருக்குள் தோட்டங்களில் விளக்கு எரியக் கூடாது. இரண்டே நாளில் கம்பிகளைக் கழற்றிவிட்டார்கள். யாரும் தகராறு செய்யவில்லை.

அந்தக் கார்த்திகையில் மலைச்சரிவு முழுக்க ஒரே நேரத்தில் பூத்தது. காலையில் வானாய்வக மாடியில் நின்று வேதமுத்து அதைப் பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம் வரை மஞ்சள். இவ்வளவு அழகாக இந்த மலையை நாம் பார்த்ததே இல்லையே என்று நினைத்தார். பக்கத்தில் நின்ற சமையல்காரரிடம் அதைச் சொல்லவும் செய்தார். சமையல்காரர் மேல்காட்டுக்காரர். கீழே இறங்கிப் போனார்.

அந்தப் பூவை ஏற்றிப்போக ஒரு வண்டிகூட வரவில்லை. அந்த மாதத்தில் ஊரெங்கும் சாமந்திதான். பறிக்கிற கூலிக்குக்கூடத் தேறாது என்று செடியோடு மாட்டுக்கு விட்டார்கள். அடுத்த வருஷம் சரிவில் யாரும் பாத்தி கட்டவில்லை. தைல மரக் கன்றுகளை நட்டுவிட்டு ஆண்கள் வெளியூர் வேலைக்குப் போனார்கள்.

மலை பஸ் நிற்கிற இடத்தில் ஒரு நாள் மாதையன் என்பவரை வேதமுத்து பார்த்தார். முதன்முதலில் மேல்காட்டில் சாமந்தி போட்டவர் அவர்தான். தோளில் பை, கையில் சுருட்டிய பாய். இவரைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார்.

"நட்சத்திரம் இப்ப நல்லாத் தெரியுதுங்களா சார்?"

"தெரியுது."

"சந்தோசமுங்க" என்று சொல்லிவிட்டு மாதையன் பஸ்ஸில் ஏறினார். அதில் கிண்டல் இருந்ததா என்று வேதமுத்து வழியெல்லாம் யோசித்துப் பார்த்தார். இல்லை. அந்த மனிதர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருந்தார்.

அதற்குப் பிறகும் இரண்டு ஆண்டுகள் அவர் தம் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வானம் சுத்தமாக இருந்தது. அளவுகள் கச்சிதமாக வந்தன.

ஒரு நாள் அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. இதுவரை வெளியான கட்டுரைகளின் தலைப்பு, வெளியான மாதம், பக்க எண் எல்லாம் எழுதி அனுப்ப வேண்டும். பல்கலைக்கழகம் வருஷத்துக்கு ஒரு முறை எல்லாத் துறைகளின் ஆய்வுகளையும் சேர்த்து ஒரு தொகுப்பு போடும். அதில் அவருடைய கட்டுரை ஒன்று வந்திருந்தது. தொகுப்பு கைக்கு வந்த அன்று தம் கட்டுரையில் இருந்த அச்சுப்பிழையை மட்டும் பார்த்து வருத்தப்பட்டு அலமாரியில் வைத்தவர், இப்போது பக்க எண்ணுக்காகப் பொருளடக்கத்தைப் புரட்டினார்.

நெல்லிமலை என்ற பெயர் அதில் நான்கு இடத்தில் இருந்தது.

ஒன்று அவருடையது. இன்னொன்று பவளக்கொடியுடையது. நின்றபடியே அதைப் படிக்கத் தொடங்கினார். சாமந்தி மொட்டு வைக்காமல் இருக்க இத்தனை வெளிச்சம் தேவையே இல்லை என்று பவளக்கொடி எழுதியிருந்தார். மங்கலான சிவப்பு விளக்கு போதும். அதையும் அரை மணிக்கு ஒரு தடவை சில நிமிஷம் எரியவிட்டால் போதும். நான்கு பருவம் சோதித்தாயிற்று, ஐந்தாவது பருவமும் சரியாக வந்தால் விவசாயிகளுக்குச் சொல்லிவிடலாம் என்று கட்டுரை முடிந்திருந்தது.

வேதமுத்து தம் நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது நீல ஒளியில். சிவப்பு வெளிச்சம் அவருடைய தொலைநோக்கியின் ஒளி வடிகட்டிக்குள் நுழையவே முடியாது.

அவர் உட்கார்ந்துகொண்டார்.

மூன்றாவது கட்டுரை பொறியியல் கல்லூரி விரிவுரையாளர் ஒருவர் எழுதியது. தோட்டத்து விளக்குக்கு ஒரு தகர மூடி செய்திருந்தார். வெளிச்சம் பாத்தியில் மட்டும் விழும், மேலே கசியாது. வானாய்வகத்துக்குப் பக்கத்தில் இதைப் பொருத்திப் பார்க்க ஆசை, யாரைக் கேட்பது என்று தெரியவில்லை என்று கடைசியில் ஒரு குறிப்பு. அவரும் வேதமுத்துவும் கூட்டங்களுக்குப் போகும்போதெல்லாம் ஒரே கேன்டீனில் டீ குடித்தவர்கள். நான்காவது பொருளியல் துறையுடையது. சாமந்தி வந்த பிறகு மேல்காட்டிலிருந்து வெளியூர்க் கூலிக்குப் போவது பாதியாகக் குறைந்திருந்தது. மூடுகிற நிலையில் இருந்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள்.

தொகுப்பு வெளியான மாதம் ஆவணி. உத்தரவு வந்தது அதே வருஷம் ஐப்பசியில். இடையில் இரண்டு மாதம் அந்தப் புத்தகம் அவர் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்திருக்கிறது.

படிவத்தை அவர் அன்று நிரப்பவில்லை. கோப்பைத் தேடி எடுத்து, பிரிக்காத இரண்டாவது கடிதத்தைப் பிரித்தார். உங்கள் அளவுகள் கிடைத்தால் உங்களுக்குத் தொந்தரவு இல்லாத விளக்காகவே விவசாயிகளுக்குப் பரிந்துரைக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது.

பவளக்கொடியைப் பற்றி விசாரித்தார். உத்தரவு சோதனைத் தோட்டத்துக்கும் சேர்த்துத்தான் வந்திருந்தது. ஐந்தாவது பருவம் நடக்கவில்லை. திட்டத்தை மூடிவிட்டு அவரைக் கடலோர ஆராய்ச்சி நிலையம் ஒன்றுக்கு மாற்றிவிட்டார்கள். பரங்கிப்பேட்டையிலிருந்து அரை மணி நேரப் பயணம்.

வேதமுத்து லீவு எழுதிக் கொடுத்தார். அமாவாசைக்கு முந்தின நாள் அது. மலைக்கு வந்த நாளிலிருந்து அந்த நாட்களில் அவர் லீவு எடுப்பது அதுதான் முதல் தடவை.

மறுநாள் சாயங்காலம் அவர் மதார் சாகிபின் வீட்டு வாசலில் நின்றபோது பேராசிரியர் அஸர் தொழுகை முடித்துவிட்டு அப்போதுதான் பள்ளிவாசலிலிருந்து திரும்பியிருந்தார். எழுபத்தெட்டு வயது. தாமே உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார்.

வேதமுத்து எல்லாவற்றையும் சொன்னார். நான்கு கட்டுரைகளைச் சொன்னார். பிரிக்காத கடிதத்தைச் சொன்னார். மஞ்சளாகக் கிடந்த மலையைப் பார்த்து அழகு என்று வியந்ததையும் மறைக்காமல் சொன்னார்.

"தப்பு முழுக்க என்னுதுதான் சார்."

"மனுவுல முதல் கையெழுத்து யாருது?"



பேராசிரியர் எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வந்தார். அதே தொகுப்பு. அவருக்கும் ஒரு பிரதி போயிருந்தது. அச்சகத்தில் சரியாக வெட்டாமல் விட்ட பிரதி. தாள்களின் ஓரம் ஒன்றோடொன்று மடிந்து ஒட்டிக் கிடந்தது. ஓர் இடத்தில் மட்டும் கத்தியால் கீறிப் பிரித்திருந்தது. வேதமுத்துவின் கட்டுரை இருந்த இடம்.

"உன்னோடதை மட்டும் படிச்சேன். பெருமையா இருந்துச்சு. மூடி வச்சிட்டேன்."

பேராசிரியருக்குக் கண்பார்வை மங்கிக்கொண்டு வந்தது. இனிமேல் பிரித்தாலும் படிக்க முடியாது என்றார். குறையாகச் சொல்லவில்லை, இருப்பதைச் சொன்னார்.

பிறகு, பவளக்கொடியைப் பார்த்தாயா என்று கேட்டார். அங்கிருந்துதான் நேராக வருகிறேன் என்றார் வேதமுத்து. அங்கே நடந்ததைச் சொன்னார்.

பெயரைச் சொன்னதுமே பவளக்கொடிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. முகம் சுளிக்கவில்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்தார். வேதமுத்து மன்னிப்புக் கேட்டார். எப்படி அந்தக் கடிதத்தை முதல் பத்தியோடு மூடிவைத்தோம், பதினோரு ஆண்டு பார்த்த நட்சத்திரம் கைவிட்டுப் போகிறதே என்ற பயத்தில் எப்படிக் கண் மறைத்துவிட்டது, இரண்டு வாரமாக எப்படித் தூக்கமில்லை, எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. பவளக்கொடி தண்ணீர் கொடுத்தார். பவளக்கொடி அன்றைக்குக் கேட்ட வான அளவுகளை வேதமுத்து ஓர் உறையில் போட்டு எடுத்துப்போயிருந்தார். நீட்டினார். பவளக்கொடி வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டார் பேராசிரியர்.

"விடுங்க சார், முடிஞ்சுபோச்சுன்னாங்க. மேல்காட்டுக்காரங்க எப்படி இருக்காங்கன்னு கேட்டாங்க. வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினாங்க."

"கோபப்படலையா?"

"துளிகூட இல்லை சார்."

வெளியே தெருவில் மீன் கூடைக்காரி ஒருத்தி குரல் கொடுத்துக்கொண்டு போனாள். அவள் குரல் தேயும் வரை வேதமுத்து காத்திருந்தார். அவர் கேட்க வந்த கேள்வி இன்னும் பாக்கி இருந்தது.

"போய்ப் பார்த்தா மனசு லேசாகும்னு நினைச்சேன் சார். ஆகலை. முன்னைவிடப் பாரமா இருக்கு. மன்னிப்பும் கேட்டாச்சு, அவங்களும் மன்னிச்சாச்சு. இன்னும் என்ன குறையுதுன்னு எனக்குத் தெரியலை."

பேராசிரியர் காலி டீ டம்ளரைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நேரம் அங்க இருந்தே?"

"ஒரு மணி நேரம் இருக்கும் சார். கூடவே இருக்கும்."

"அந்த அம்மா இப்ப எதைப் பத்தி ஆராய்ச்சி பண்றாங்க?"

வேதமுத்து பதில் சொல்ல வாயெடுத்தார். பவளக்கொடியின் அறையில் மேசை நிறைய நாற்றுத் தட்டுகள் இருந்தது ஞாபகம் வந்தது. அவற்றில் என்ன முளைத்திருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.