கோழி எடைக்கு ஒரு துப்பாக்கி

கோணப்பட்டிக்குள்ள பஸ்ஸு போறதில்ல. ஊருக்குப் பிரியுற வெலக்குலயே எறக்கி விட்டுட்டுப் போயிருவாங்க. உள்ள போனா திரும்பி வர வழி சொல்ல ஆளு கெடைக்காதுன்னு டிரைவருக்கெல்லாம் நல்லாத் தெரியும்.

அந்த ஊர்ல கொம்பையான்னு ஒரு பய. தங்கமான பய. ஒருக்க புதுச்சட்டை வாங்கப் போனவன்கிட்ட, "மடிப்புக் கலையாமப் போட்டுக்கப்பா"ன்னு கடைக்காரர் சொல்லிட்டார். இவன் சட்டையப் பிரிக்கவே இல்ல. மடிச்ச மடிப்போட நெஞ்சுல வச்சுக் கயித்தக் கட்டிக்கிட்டு மேலப்பாறைத் திருவிழாவுக்குப் போனான். ஊரே சிரிச்சுச்சு. பூங்கனின்னு ஒரு பொண்ணு மட்டும் கிட்ட வந்து, "கயிறு உறுத்தலையா?"ன்னு கேட்டுச்சு. அன்னைக்குப் பிடிச்சது அவனுக்கு அந்தப் பொண்ணு மேல கிறுக்கு. சோறு எறங்கல. ஏன் எறங்கல, கயித்த அவுக்காமத் திங்க ஒக்காந்தா எப்படி எறங்கும்னு அவங்காத்தா ஒச்சம்மா கேட்டா. அது வேற சங்கதி.

பொண்ணோட அப்பன் வீரணன் வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டாப் பேசுற ஆளு. பொண்ணு கேட்டவன்கிட்ட, "வார அமாவாசைக்கு ஒங்காட்டப் பாக்க வாரேன். மரவள்ளி நின்னா எம்பொண்ணு ஒனக்கு. பன்னி தோண்டிருந்தா வேற எடத்துல குடுத்துருவேன்"னு சொல்லிட்டுப் போயிட்டார்.

பன்னியா, அது தெனமும் பொழுது சாய வந்துரும். கொம்பையா தகரத்தத் தட்டி வெரட்டிப் பாத்தான். வரவர அது தகரச் சத்தங் கேட்டாத்தான் வருது, சாப்பாட்டு மணின்னு நெனச்சுக்கிட்டு. பாதிக் காடு போச்சு. அமாவாசையும் நெருங்குது. கொம்பையா தன்னோட கூட்டாளிங்க சுருளிவேலையும் பெத்தணனையும் கூட்டிக்கிட்டு, பட்டாளத்துல இருந்து வந்த ராமசுப்பு வீட்டுக்குப் போனான்.

"சித்தப்பு, பன்னிக்கு எந்தத் துப்பாக்கி தோது?"

துப்பாக்கின்னு சொன்னாப் போதும், அவருக்கு மீசை தானா நிமிந்துரும். "மொதல்ல கனம் ஆகாதுடா. கோழியக் கக்கத்துல இடுக்குன மாதிரி இருக்கணும். கொழலு நேரா இருக்கணும். பின்னால ஒரு தாப்பா, ஒரு வெடிக்கு ஒருக்க இழுக்கணும். கட்டை தோள்ல படியணும். காட்டுல வச்சா எலையோட எலையாக் கெடக்கணும், எவன் கண்ணுக்கும் தெரியக் கூடாது. இதெல்லாம் நீங்க செய்யுற சாமான் இல்ல, சர்க்காருகிட்ட எழுதிக் கேட்டு..."

அதுக்குள்ள மூணு பேரும் தெருமுக்குத் திரும்பிட்டாங்க.

எடை பாக்கணும்னா சுருளிவேல் வீடுதான். அவன் புளி யாவாரம் பண்றவன். வாசல் புளியங்கொப்புல மூட்டைத் தராசு எப்பவும் தொங்கும். சுருளிவேல்னதும் ஒண்ணு சொல்லிருறேன், அப்புறம் மறந்துருவேன். அவன் சகலை புதுவீடு கட்டி பால் காய்ச்சுனப்ப, "வலது கால எடுத்து வச்சு உள்ள வாங்க"ன்னு கூப்புட்டுருக்காங்க. இவன் வலது கால உள்ள வச்சான், நின்னுட்டான். எடது கால யாரும் கூப்புடலையே. பந்தி முடியுற வரைக்கும் வாசப்படியிலயே நின்னு, அங்கயே எலை போட்டுத் தின்னுட்டு வந்தான்.

சரி, தராசு. ஒரு தட்டுல ஒச்சம்மா வளக்குற கோழிய ஒக்கார வச்சாங்க. மறு தட்டுல கொழலுக்கு ஒரு இரும்புக் கொழாய வச்சாங்க. கோழி அந்தரத்துக்குப் போயி கொப்புல ஏறி ஒக்காந்துக்கிருச்சு.

"கோழிக்கு இரும்பு பிடிக்கல"ன்னான் பெத்தணன்.

"மூங்கி வச்சுப் பாப்பமா?"

"அதுல கணு இருக்குடா. கணுவுல குண்டு தடுக்கி விழுந்து அடிபட்டுச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

மூணு பேரும் நாடியில கைய வச்சு ரொம்ப நேரம் யோசிச்சாங்க. கடைசியில பப்பாளி எலைக்காம்பு அமைஞ்சுச்சு. நேரா இருக்கு, உள்ள பொந்தா இருக்கு, கனமே இல்ல. ஒரு கண்ண மூடிக்கிட்டுப் பாத்தா அந்தப் பக்கம் சுருளிவேல் பொண்டாட்டி மொறைக்கிறது வரைக்கும் தெரியுது.

கட்டைக்கு வேம்பு, முருங்கைன்னு தோள்ல வச்சு வச்சுப் பாத்தாங்க. எதுவும் படியல. கொம்பையா தன் காட்டுல போயி நல்லா வளைஞ்ச ஒரு மரவள்ளிக் கெழங்கப் பிடுங்கிட்டு வந்தான். தோள்ல வச்சா தச்ச மாதிரி ஒக்காந்துச்சு. தாப்பாளுக்கு எங்க போறது? அவன் வீட்டுக் கதவுல இருந்த மரத்தாப்பாளக் கழட்டிக் கொண்டாந்துட்டான்.

"எலேய், கதவ எப்படிடா அடைக்கிறது?"ன்னா ஒச்சம்மா.

"அமாவாசை வரைக்கும் நீ உள்ள சாஞ்சு நில்லாத்தா"ன்னான். அவளும் மகன் கல்யாணமாச்சேன்னு நின்னா.

கோழியக் கொப்புல இருந்து எறக்கி மறுபடி ஒரு தட்டுல ஒக்கார வச்சு, கொழலு, கட்டை, தாப்பா மூணையும் சேத்து வாழைநார்ல கட்டி மறு தட்டுல வச்சாங்க. தராசு முள்ளு நட்டமா நின்னுச்சு. அந்த நேரம் பாத்துக் கோழி முட்டை போட்டுருச்சு. பெத்தணன் எடுத்து ஒடைச்சு வாயில ஊத்திக்கிட்டான். துப்பாக்கித் தட்டு கீழ எறங்குச்சு.

"போச்சு, துப்பாக்கி கனத்துப் போச்சு"ன்னு தலையில கைய வச்சான் சுருளிவேல்.

கொம்பையாவுக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. பூங்கனி மொகம் கண்ணு முன்னால வந்துட்டுப் போச்சு. எதச் செதுக்குறது, எத வெட்டுறதுன்னு தெரியல. அப்பத்தான் சுருளிவேலுக்குப் பொறி தட்டுச்சு.

"முட்டை எங்க இருக்கு?"

"பெத்தணன் வயித்துல."

"அப்ப அவனையும் கோழி கூட ஒக்கார வை."

பெத்தணன் ஏறி ஒக்காந்தான். அவன் தட்டு தரையில குத்துச்சு, துப்பாக்கி சர்ருன்னு மேல போயிருச்சு. இம்புட்டு லேசான துப்பாக்கி பட்டாளத்துலயே கெடையாதுன்னு மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தட்டிக் குடுத்துக்கிட்டாங்க.

"வெடிச்சத்தத்துக்கு என்ன பண்றது?"ன்னான் கொம்பையா. "மருந்து அடைச்சா திரும்பக் கனத்துரும்."

"சத்தத்துக்கு எடை கெடையாது மாப்ள. தாப்பா அசைஞ்சா நான் டுமீல்னு சொல்லிருறேன். ஒரு அசைவுக்கு ஒரு டுமீல். அது எம்பொறுப்பு"ன்னான் பெத்தணன். ஒரு வேலையக் குடுத்துட்டா பெத்தணன் அதுல நாணயமா இருப்பான்.

அப்புறம் எலையோட எலையா இருக்கணுமே. துப்பாக்கி முழுக்க மரவள்ளி எலையச் சுத்திக் கட்டி, காட்டு நடுவுல வச்சுட்டு வரப்புக்கு வந்து திரும்பிப் பாத்தாங்க. தெரியல. போயித் தேடுனாங்க. கெடைக்கல. ஆளுக்கொரு பாத்தியாத் தவந்து தேடியும் அகப்படல.

"நமக்கே தெரியலன்னா பன்னிக்கு எங்கிட்டுத் தெரியும்?"னு கொம்பையா பூரிச்சுப் போயிட்டான். மூணு பேரும் வரப்புக்குப் பின்னால படுத்துக்கிட்டாங்க.

பொழுது சாஞ்சுச்சு. பன்னி வந்துச்சு. மோந்து பாத்துக்கிட்டே நேரா நடுக்காட்டுக்குப் போயி, மொத வேலையா அந்தத் துப்பாக்கியத்தான் கண்டுபிடிச்சுச்சு. கொழல மென்னுச்சு. கட்டையத் தின்னுச்சு. தாப்பா மட்டும் பல்லுல மாட்டிக்கிட்டு வாயோரமா நீட்டிக்கிட்டு நிக்குது. பன்னி தலைய ஒரு ஆட்டு ஆட்டுச்சு. தாப்பா அசைஞ்சுச்சு.

"டுமீல்"னான் பெத்தணன்.

சுருளிவேல் நெஞ்சப் பிடிச்சுக்கிட்டுச் சாஞ்சான். "சுட்டுருச்சுடா."

"எங்க பட்டுச்சு?"

தடவிப் பாத்தான். "படல. தாண்டிப் போயிருச்சு."

"அப்ப மெரட்டத்தான் சுட்டுருக்கு"ன்னான் கொம்பையா. "கொணமான பன்னிதான். எந்திரிச்சுக் கையத் தூக்குங்க."

மூணு பேரும் கையத் தூக்கிக்கிட்டு ஊருக்குள்ள வந்தாங்க. என்னடா இதுன்னு கேட்டவங்களுக்கு விசயம் தெரிஞ்சதும் அவங்களும் தூக்கிக்கிட்டாங்க. பன்னி எந்தத் தெருமுக்குல நிக்கும்னு யாரு கண்டா. அன்னையில இருந்து கோணப்பட்டியில தலையில தண்ணிக்கொடம் வச்சவங்களுக்குத்தான் யோகம். கை ஏற்கெனவே மேல இருந்துச்சு.

அமாவாசைக்கு வீரணன் மகளோட வந்து எறங்குனார். வரப்புல கொம்பையா கையத் தூக்கிக்கிட்டு நிக்கிறான். பக்கத்துலயே மத்த ரெண்டு பேரும்.

"என்ன மாப்ள, கும்புடுறதுன்னா நெஞ்சுக்கு நேரா கும்புட்டாப் போதாதா?"

"மெதுவாப் பேசுங்க மாமா. பன்னிகிட்டத் துப்பாக்கி இருக்கு."

"கெழங்கு நிக்குதா, அதச் சொல்லு."

கொம்பையாவுக்குப் பொய் வராது. "பாதி நிக்குது மாமா. மீதிய அது தின்னுருச்சு."

வீரணன் மொகம் கறுத்துப் போச்சு. "அப்ப வாம்மா போவோம்"னு மக கையப் பிடிச்சுத் திரும்புனார். அந்நேரம் பொதர் மறைவுல இருந்து பன்னி தலைய நீட்டிப் பாத்துச்சு. வாயில தாப்பா. காதுல ஈ மொச்சுச்சுன்னு ஒரு சிலுப்புச் சிலுப்புச்சு. பெத்தணன் தன் கடமையச் செஞ்சான்.

"டுமீல்."

வீரணன் கை ரெண்டும் தானா மேல போயிருச்சு. அப்படியே நின்னு கொஞ்ச நேரம் பன்னியவே பாத்துக்கிட்டிருந்தார்.

"மாப்ள, இது தெனமும் இங்கதான் நிக்குதா?"

"காட்ட விட்டு நகர்றதில்ல மாமா."

"எங்க ஊர்ல காட்டுக்கு நாயத்தான் காவல் வப்போம். அதுவும் வெறுங்கையோட. துப்பாக்கி புடிச்ச காவல் எந்தப் பண்ணையார் காட்டுலயும் நான் பாத்ததில்ல. சம்பளத்துக்குப் பாதிக் கெழங்கு திங்கிறது ஒரு பெரிய விசயமா?" மக பக்கம் திரும்புனார். "என்னம்மா சொல்ற?"

பூங்கனி கொம்பையாவ ஏற எறங்கப் பாத்துச்சு. "கை வலிக்கலையா?"ன்னு கேட்டுச்சு.

அவ்வளவுதான், தேதி குறிச்சாச்சு. கல்யாணத்தன்னைக்கு ரெண்டு ஊரும் கையத் தூக்கிக்கிட்டு வந்து பந்தல்ல நின்னுச்சு. தாலி மாப்ள கையில இருக்கு. கை மேல இருக்கு. பொண்ணு கழுத்து கீழ இருக்கு. கைய எறக்குனா பன்னி சும்மா விடாது. பெரியவங்க கூடிப் பேசி, ரெட்டை ஏணி ஒண்ணு கொண்டாந்து நிறுத்தி, "ஏறும்மா"ன்னாங்க. பூங்கனி ஏறுச்சு. கழுத்து கை உசரத்துக்கு வந்துச்சு.

"கெட்டிமேளம்"னார் வீரணன். மேளக்காரங்க கையும் மேலதான இருக்கு, யாரு அடிக்கிறது? பெத்தணன்தான் நல்ல காரியம் தடைபடக் கூடாதுன்னு, அடிவயித்துல இருந்து ஒரு "டுமீல்" போட்டான். கொம்பையா முடிச்சப் போடவும் பந்தலே குப்புறப் படுத்துருச்சு.

தரையில கெடந்துக்கிட்டே வீரணன் கேட்டார். "தாலி ஏறிருச்சா?"

"ஏறிருச்சு மாமா. பொண்ணுதான் எறங்கல"ன்னான் கொம்பையா.

"ஏறச் சொன்னீங்க, ஏறுனேன்"னுச்சு பூங்கனி மேல இருந்து. "எறங்குன்னு ஒருத்தரும் சொல்லலையே."

பந்தியில எலைய வாங்கிக்கிட்டு, பூங்கனிக்குப் பக்கத்துல ஒக்காந்து திங்கணும்னு கொம்பையாவும் ஏணியில ஏறிட்டான். அவனையும் யாரும் எறங்கச் சொல்லல. சுருளிவேல் மட்டும் வலது கால மொதப் படியில வச்சுட்டு, எடது கால யாராவது கூப்புடுவாங்கன்னு கீழ நிக்கிறான்.