மாடிப் பந்தி

“ஒரு காலேஜ் பேரு போதாதா டீச்சர்? எதுக்கு இத்தனை?”

கேட்டுவிட்டுப் பஞ்சவர்ணம் தலையைக் குனிந்துகொண்டாள். கேட்டதே பெரிய விஷயம். தீப்பெட்டி ஆபீஸில் அவளோடு குச்சி அடுக்குகிறவர்கள்கூட அவள் குரலை அவ்வளவாகக் கேட்டதில்லை.

சுகந்தி டீச்சர் வாசலில் நின்று தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தார். பட்டுச் சேலை கட்டியிருந்தார். பஞ்சவர்ணத்தைவிட ஏழெட்டு வயசு சின்னவர். அவள் மகள் அகிலாவுக்குப் பிளஸ் டூவில் இயற்பியல் எடுத்தவர்.

அந்த டீச்சரைப் பற்றிச் சாத்தூரில் ஒரு பேச்சு உண்டு. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லமாட்டார் என்று. உராய்வு என்றால் என்ன மிஸ் என்று கேட்ட பிள்ளையின் இரண்டு கையிலும் எண்ணெயைத் தடவி, தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, “மூடியைத் திற” என்றவர் அவர்.

ஆனால் பஞ்சவர்ணத்துக்கு வேறு யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, வரமாட்டேன் என்ற மகளையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குக் காலேஜ் பேர்களை வரிசைப்படுத்திக் கம்ப்யூட்டரில் போடவேண்டும். நாளைச் சாயங்காலத்தோடு முடிந்துவிடும். வீட்டில் ஒரு வாரமாகச் சண்டை.

அகிலா ஒரே பேர்தான் எழுதி வைத்திருந்தாள். சென்னையில் இருக்கிற பெரிய காலேஜ்.

“அது கிடைச்சாப் போறேன். இல்லைன்னா எங்கயும் போகலை.”

பஞ்சவர்ணத்தின் மனசிலும் ஒரே பேர்தான். பஸ் ஏறினால் அரை மணியில் போய் இறங்கிவிடலாம். ரோட்டோரத்திலேயே பெரிய போர்டு. யாரையும் இல்லையென்று திருப்பி அனுப்பாத காலேஜ்.

“அதை முதல்ல போட்டுரு. இடம் உறுதி. மத்ததெல்லாம் அதுக்குக் கீழ எழுதிக்கோ.”

“முதல்ல அதைப் போட்டா அதையேதாம்மா குடுப்பாங்க. கீழ என்ன இருக்குன்னு திரும்பிக்கூடப் பாக்கமாட்டாங்க.”

“குடுத்தா நல்லதுதானே?”

இந்த இடம் வந்ததும் அகிலா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோவாள். தினமும் இதே இடம்தான். தட்டும் அதே தட்டுதான்.

இடம் கிடைப்பது மட்டும் பிரச்சினையில்லை. அகிலாவின் அப்பா தவசிக்கு அச்சாபீஸில் காகிதம் வெட்டுகிற வேலை. முழு ஃபீஸைக் கட்ட அவரால் ஆகாது. இடமும் கிடைக்கவேண்டும், ஃபீஸும் குறையவேண்டும். இரண்டில் ஒன்று தப்பினாலும் அகிலா தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு அம்மாவின் பின்னால் தீப்பெட்டி ஆபீஸுக்கு நடக்கவேண்டியதுதான்.

அதை நினைத்தாலே பஞ்சவர்ணத்துக்குச் சோறு இறங்காது.

“நீங்களே சொல்லுங்க டீச்சர். அவ சொல்றது சரியா, நான் சொல்றது சரியா?”

டீச்சர் வாயில் கடித்திருந்த ஹேர்பின்னை எடுத்துத் தலையில் சொருகினார்.

“சாப்டாச்சா அக்கா?”

“இல்ல டீச்சர்.”

“அகிலா?”

அகிலா கேட்டுக்கு வெளியே நின்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். “பசிக்கலை மிஸ்.”

“எங்க பெரியப்பா பொண்ணுக்கு இன்னிக்குக் கல்யாணம். வாங்க, போய்ச் சாப்பிட்டு வருவோம்.”

பஞ்சவர்ணம் பதறிப்போனாள். “ஐயோ, எங்களுக்குப் பத்திரிகை வைக்கலையே டீச்சர்.”

“இப்ப வாயால சொல்றேன்ல, அது போதாதா?”

“கட்டிருக்கிற சேலையும்…”

“சேலையா சாப்பிடப் போகுது? நடங்க அக்கா.”

*

மண்டபத்தில் தாலி கட்டி முடிந்து மேளம் ஓய்ந்திருந்தது. கூட்டம் முழுக்கச் சாப்பாட்டு ஹாலில்தான் இருந்தது.

உள்ளே பந்தி நடந்துகொண்டிருந்தது. உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் பாதி. அவர்கள் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறவர்கள் பாதி. சாப்பிடுகிறவர் எழுந்ததும் சட்டென்று உட்காரவேண்டும். அதற்காக முதுகோடு முதுகாக ஒட்டிக்கொண்டு, அடுத்தவர் இலையில் ரசம் வந்துவிட்டதா, மோர் வந்துவிட்டதா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“ஆளுக்கொரு இடம் பிடிங்க” என்றார் டீச்சர். அவ்வளவுதான். கூட்டத்துக்குள் போய்விட்டார்.

அகிலா ஒரு பார்வை பார்த்தாள். முன் வரிசை. தலைக்கு மேல் பெரிய ஃபேன். பக்கத்திலேயே ஐஸ்கிரீம் மேசை. அந்த நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள்.

நாற்காலியில் ஒரு பெரிய அண்ணாச்சி இருந்தார். இலையில் அப்போதுதான் பருப்பும் நெய்யும் விழுந்திருந்தது.

பஞ்சவர்ணத்துக்கு யார் பின்னால் நிற்கவும் கூச்சம். அடுத்தவர் சாப்பிடுவதை எப்படிப் பார்த்துக்கொண்டு நிற்பது? கை கழுவுகிற தொட்டி ஓரமாக ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. ஒரு கால் ஆடியது. தரையெல்லாம் ஈரம். யாரும் கேட்பாரில்லை. அதில் போய் உட்கார்ந்துகொண்டாள். உட்கார்ந்ததும் இலை போட்டார்கள். சோறும் விழுந்தது.

‘அப்பாடா’ என்று இருந்தது அவளுக்கு. ‘நமக்கு இடம் உறுதி.’

முதல் கவளத்தை உருட்டும்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். நடு வரிசையில் நல்ல நாற்காலியாக இரண்டு காலியானது. பிறகு இன்னொன்று. ஆனால் சோறு விழுந்த இலையை விட்டுவிட்டு எழுந்துபோக முடியுமா? பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்?

கை கழுவ வந்த ஒரு சிறுவன் கையை உதறினான். தண்ணீர் அவள் அவியலில் தெறித்தது. பாயாச வாளி முன் வரிசையோடு நின்றுவிட்டது.

அவள் டீச்சரைத் தேடினாள்.

டீச்சர் ஒரு தூண் பக்கம் நின்றிருந்தார். வசதியான இடம். அங்கிருந்து கை நீட்டினால் மூன்று நாற்காலி எட்டும். இன்னொரு ஃபேனுக்குக் கீழே இருந்த ஒரு நாற்காலியில் சாம்பார் நடந்துகொண்டிருந்தது. அடுத்ததில் ரசம். சுவரோரத்து நாற்காலியில் ஒரு அம்மா மோர்ச் சோற்றை வழித்துக்கொண்டிருந்தார். டீச்சர் பார்வை ஃபேனுக்குக் கீழே இருந்த நாற்காலியில்தான். ஆனாலும் கால் மற்ற இரண்டையும் விட்டு நகரவில்லை.

ஃபேன் நாற்காலிக்காரர் எழுந்தார். அவர் எழுவதற்கு முன்னாலேயே அவர் சம்சாரம் உட்கார்ந்துவிட்டார்.

டீச்சர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ரசக்காரர் இலையை மூடினார். டீச்சர் திரும்பி அதில் உட்கார்ந்தார். நல்ல இடம்தான். ஃபேன் காற்று அங்கேயும் கொஞ்சம் வந்தது.

அகிலா இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

அண்ணாச்சி சாம்பாருக்குச் சோறு வாங்கினார். வத்தக்குழம்புக்கும் வாங்கினார். ரசத்தைக் கையில் ஏந்திக் குடித்தார். பாயாசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டார். பின்னால் ஒரு பிள்ளை நிற்பது அவருக்குத் தெரியும். திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

“இரு பாப்பா, மோர் ஒண்ணுதான் பாக்கி.”

மோருக்கும் சோறு வாங்கினார்.

ஒருவழியாக எழுந்தார். அகிலா நாற்காலியில் கை வைத்தாள். பக்கத்தில் இருந்த ஒருத்தி சட்டென்று அதில் கைக்குட்டையைப் போட்டாள்.

“இது எங்க சித்தப்பாவுக்குப் பிடிச்ச இடம். தள்ளிக்கோ.”

சுற்றிலும் எல்லா நாற்காலியும் நிறைந்துவிட்டது. அகிலா நடுவில் தனியாக நின்றாள். பசிக்கலை என்று சொன்ன பிள்ளையின் முகம் வாடிப்போயிருந்தது. பஞ்சவர்ணத்துக்குத் தன் இலையில் கிடந்த சோறு கல்லாகத் தெரிந்தது.

அப்போது மாடிப்படியிலிருந்து ஒரு பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தார். பெண்ணைப் பெற்றவர். டீச்சரின் பெரியப்பா.

“ஏம்ப்பா, மேலயும் பந்தி போட்டிருக்கு! ஒருத்தரும் ஏற மாட்டேங்கிறீங்களே!”

“மேல ஐஸ்கிரீம் கிடையாதாமே?” என்றது ஒரு குரல்.

“எவன்டா சொன்னது? எல்லாம் இருக்கு! இலை போட்டுக் காயுது. வீடியோக்காரர் காமிராவைத் தூக்கிட்டு நிக்கிறாரு. காலி நாற்காலியவா படம் புடிக்கச் சொல்றது?”

யாரும் அசையவில்லை. பிடித்த நாற்காலியை யார் விடுவார்கள்?

பெரியவர் கண்ணில் அகிலா பட்டாள். “சுகந்தி, இது யாரு பிள்ளை?”

“என் பிள்ளைதான் பெரியப்பா. எங்க ஸ்கூல்ல முதல் மார்க்.”

“முதல் மார்க்கா!” அவர் குரல் மாறிவிட்டது. “ஏன் தாயி இந்த நெரிசல்ல வந்து நிக்கிறே? மேல வா. நீ வந்து உக்காந்தா எங்க பந்திக்கே பெருமை.”

அகிலா ஃபேனைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் சாம்பாரில் முருங்கைக்காய் தேடிக்கொண்டிருந்தார்.

அகிலா படியேறினாள்.

*

சாப்பிட்டு முடித்து மண்டபத்து வாசல் படியில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அகிலா கடைசியாகத்தான் வந்தாள். ஓடி வந்தாள். கையில் காகிதத்தில் சுற்றிய ஜாங்கிரி.

“எம்மா! மேல ஜன்னல் எல்லாம் திறந்திருக்கு. தெப்பக்குளம் தெரியுது. அப்படி ஒரு காத்து! பரிமாறுறவரு கூடவே நிக்கிறாரு. வீடியோக்காரர் என்னைத்தான் ரொம்ப நேரம் எடுத்தாரு. எல்லாருக்கும் ஒரு ஜாங்கிரி, எனக்கு ரெண்டு! கேக்காமலே வச்சாங்க. இந்தா, ஒண்ணு உனக்கு.”

“குடு. எனக்குப் பாயாசமே வரலை.”

“நீ எங்கம்மா உக்காந்த?”

“தொட்டிக்குப் பக்கத்துல.”

அகிலா அம்மாவின் சேலைக் கரையைப் பார்த்தாள். முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஞ்சவர்ணத்துக்கும் வந்துவிட்டது. ஒரு வாரத்துக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் பஞ்சவர்ணம் மெதுவாகக் கேட்டாள்.

“டீச்சர், நீங்க அந்த ஃபேனுக்குக் கீழ உள்ள நாற்காலியத்தானே பாத்துக்கிட்டு நின்னீங்க?”

“ஆமா.”

“கிடைக்கலையே.”

“கிடைக்கலை.”

“வருத்தமா இல்லையா?”

“சாப்பாடு நல்லாருந்துச்சு அக்கா.”

அகிலா டீச்சரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பையிலிருந்து தன் தாளை எடுத்துத் தொடைமேல் விரித்தாள்.

“மிஸ், பேனா இருக்கா?”

டீச்சர் கொடுத்தார்.

மேலே இருந்த சென்னைக் காலேஜை அவள் அடிக்கவில்லை. அது அங்கேயே இருந்தது. அதற்குக் கீழே எழுத ஆரம்பித்தாள். மதுரையில் ஒன்று. அப்புறம் இன்னொன்று. யோசித்து யோசித்து எழுதினாள். ஒரு பேரை எழுதி, அம்புக்குறி போட்டு மேலே ஏற்றினாள். நடுவில் நிறையக் காலேஜ் வந்து உட்கார்ந்தது. எல்லாவற்றுக்கும் கடைசியில் அந்த ரோட்டோரக் காலேஜ்.

பஞ்சவர்ணம் எட்டிப் பார்த்தாள். எட்டாவதோடு நின்ற படிப்பு என்றாலும் அந்தப் பேரை அவளுக்கு வாசிக்கத் தெரியும்.

“என் காலேஜ் அங்கயே கிடக்கட்டும்” என்றாள். “ஆனா அடிச்சிராத.”

“அடிக்கமாட்டேம்மா.”

பஞ்சவர்ணம் ஜாங்கிரியைப் பிட்டு வாயில் போட்டாள். மென்றாள். மெல்லுவது பாதியில் நின்றது. மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள். அங்கே பெரியவர் இன்னும் யாரையோ கூவி அழைத்துக்கொண்டிருந்தார்.

“டீச்சர்…”

“சொல்லுங்க அக்கா.”

“காலேஜ்லயும் மாடிப் பந்தி உண்டா?”

சுகந்தி டீச்சர் அவளைத் திரும்பிப் பார்த்தார். சாத்தூரில் யாரும் நம்பமாட்டார்கள். கேட்ட கேள்விக்கு அவர் நேராகப் பதில் சொன்னார்.

“உண்டு அக்கா.”

சொல்லிவிட்டுப் போனை எடுத்து ஒரு நம்பரை அழுத்தினார். மலையடிவாரத்தில் ஒரு காலேஜ். நல்ல வாத்தியார்கள். வந்து கொஞ்ச வருஷம்தான் ஆகிறது. ஊருக்கு இன்னும் அவ்வளவாகத் தெரியவில்லை. அகிலா இப்போது எழுதிய பேர்களில் அதுவும் இருந்தது, நடுவில்.

அந்தப் பக்கம் மணி அடித்தது, யாரோ எடுத்தார்கள். டீச்சர் ஸ்பீக்கரில் போட்டு அகிலா பக்கம் நீட்டினார்.

“வணக்கம், அட்மிஷன் ஆபீஸ். சொல்லுங்க.”

அகிலா தொண்டையைச் செருமிக்கொண்டாள். “சார், நல்ல மார்க் எடுத்தவங்களுக்கு உங்க காலேஜ்ல ஃபீஸ் குறைப்பாங்களா?”

“கட்-ஆஃப் எவ்வளவும்மா?”

அகிலா சொன்னாள்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பஞ்சவர்ணம் போனை எட்டிப் பார்த்தாள். வைத்துவிட்டார்களோ?

“லைன்லயே இருங்கம்மா” என்றது குரல். இப்போது வேறு குரல் மாதிரி இருந்தது. “வச்சிராதீங்க. பிரின்சிபால் மேடம் இங்கதான் இருக்காங்க. ஃபீஸ் விஷயம் அவங்களே உங்ககிட்டப் பேசுவாங்க. ஒரு நிமிஷம், வச்சிராதீங்கம்மா!”

யாரோ நாற்காலியை நகர்த்திவிட்டு ஓடுகிற சத்தம் கேட்டது.

எங்கேயும் வாய் திறக்காத பஞ்சவர்ணம் மகளின் காதோரம் குனிந்தாள்.

“ரெண்டு ஜாங்கிரி கேளு.”